சிலிண்டருக்குள் மணல்

தைரியராஜுக்கு மிஷின் ஓட்டத் தெரியும். மிஷின் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. இதை அவரே சொல்வார். அவர் அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று பாலக்கரையில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஐம்பதுகளில் பல வருஷம் ஓர் அணைக்கட்டு வேலையில் இருந்துவிட்டு வந்தவர், காக்கிச் சட்டை போட்டவர், இரும்புச் சாமான் எதையாவது கையில் எடுத்தால் உடனே வைக்காமல் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர். இவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அணையில் அவர் ஓட்டியது இரும்புக் கயிற்றால் இழுத்து மண் அள்ளுகிற பழைய மிஷின். லீவரைத் தள்ளினால் உருளை சுற்றும், கயிறு இழுபடும், கை எழும். கயிறு தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். அறுந்தால் அணை முழுக்கச் சத்தம் கேட்கும். வேறு கயிறு போடுவார்கள். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

அணை வேலை முடிந்து அவர் திருச்சிக்குத் திரும்பிய பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்தார். ஒரு நாள் வாய்க்கால் கான்ட்ராக்டர் அடைக்கலம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஏதோ ஒரு ஏலத்தில் வெளிநாட்டு மிஷின் ஒன்றை எடுத்திருக்கிறார். முன்னால் டிராக்டர், பின்னால் மண் தோண்டுகிற இரும்புக் கை. ஓட்ட ஆள் வேண்டும். அறுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த சமயம் அது. காவிரியில் தண்ணீர் நிறுத்தியாகிவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரைக்கு இந்தப் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஓடுகிற ஒரு வாய்க்காலைத் தூர் எடுத்து ஆழப்படுத்தும் வேலை. ஆனி மாதம் தண்ணீர் திரும்ப வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

தைரியராஜ் போய்ப் பார்த்தார். மஞ்சள் பெயின்ட் உரிந்துபோன வண்டி. கயிறு எங்கே என்று தேடினார். கயிறே இல்லை. அதற்குப் பதில் கையின் முதுகில் ஒரு பருத்த இரும்புக் குழாய், அதிலிருந்து நீட்டிக்கொண்டு பளபளவென்று ஒரு தண்டு. பம்ப் எண்ணெயை அழுத்தி அந்தக் குழாய்க்குள் அனுப்பும். தண்டு உள்ளே போகும், கை எழும். எண்ணெயை விட்டால் தண்டு வெளியே வரும், கை இறங்கும். குழாய்க்கு சிலிண்டர் என்று பேர். இவ்வளவையும் அடைக்கலத்தின் டிராக்டர் டிரைவர் சின்னையன் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது. மிஷினோடு விளக்கப் புத்தகம் எதுவும் வரவில்லை.

இரண்டே நாளில் தைரியராஜ் அதை ஓட்டப் பழகிவிட்டார். லீவரில் கை வைத்தால் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இரும்புக் கை இறங்கிற்று. ஆனாலும் அவருக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை வரவில்லை. தூக்கிப் பிடித்திருப்பது எது என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரத்துக்குக் கீழே எப்படி நம்பி நிற்பது என்று வீட்டில் பேட்ரிசியாவிடம் சொன்னார். அவர் மனைவி அவள். "நீங்க ஏன் கீழ நிக்கிறீங்க? மேலதானே உக்காந்திருக்கீங்க" என்றாள். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

அந்த வாய்க்காலில் மிஷின் வருவதற்கு முன்பே மண்வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம். ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். கரையோரம் கீற்றுக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் இருசம்மாள். ஐம்பதை நெருங்கிய வயது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் அவள் கூடையைக் கீழே வைத்தால் எல்லாரும் வைத்துவிடுவார்கள். மிஷின் வந்த முதல் நாள் கூட்டம் முழுவதும் கரையில் நின்று பார்த்தது. தங்கள் பத்துப் பேர் பொழுது சாய வெட்டுகிற மண்ணை அது பல் துலக்குகிற நேரத்தில் அள்ளிப் போடுவதைப் பார்த்தது. அடைக்கலம் அன்றைக்கே சொல்லிவிட்டார், சித்திரை கழிந்ததும் பாதிப் பேர் போதும் என்று.

பங்குனிக் கடைசியில் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தது. தண்டு உள்ளே நுழைகிற வாயில் முதலில் ஒரு ஈரம், பிறகு சொட்டு. மத்தியானம் கையைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கை தாழ்ந்திருந்தது. யாரும் தொடவில்லை. தானாகவே தாழ்ந்திருந்தது. தைரியராஜ் வாயைச் சுற்றிச் சாக்குத் துணியை இறுக்கிக் கட்டினார். துணி நனைந்தது, சொட்டு நிற்கவில்லை. எண்ணெய் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டினார். சின்னையன், வாய்க்குள்ளே எண்ணெயை அடைத்து நிறுத்துகிற பேக்கிங் போயிருக்கும் என்றான். கோல்டன்ராக் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், தண்டு வளைந்திருக்கும் என்றார். லாரி மெக்கானிக் ஒருவர், எண்ணெய் மாறிவிட்டது, கெட்டி எண்ணெய் ஊற்று என்றார். மூன்று பேர் சொன்னதும் தைரியராஜுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் கஷ்டம்.

சித்திரைத் தேர் வந்தது. அன்றைக்கு வேலை கிடையாது. ஸ்ரீரங்கம் முழுக்க ஜனம். தைரியராஜ் பாலக்கரையில் வீட்டிலேயே இருந்தார். மறுநாள் காலை சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச்சாலை வழியாக வந்து சேர்ந்தபோது, மிஷினைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். உயர்த்தி நிறுத்தியிருந்த கை வாய்க்கால் தரையில் முழங்கை வரை புதைந்து கிடந்தது. கீழே மணலெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது.

லீவரை எப்படித் தள்ளினாலும் கை எழவில்லை. தைரியராஜும் சின்னையனும் சேர்ந்து சிலிண்டரின் வாயைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த ரப்பர் பேக்கிங் நைந்து நார்நாராக வந்தது. அதோடு வந்தது மணல். ஒரு சிட்டிகை இரண்டு சிட்டிகை இல்லை, கை நிறைய. தைரியராஜ் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் மட்டும் போய் வருகிற இடத்தில் மணல் எப்படி வரும்?

அடைக்கலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிடுவார், பிறகு அந்த முடிவைக் காப்பாற்றுவதுதான் அவர் வேலை. மணலைப் பார்த்தார். கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். தேர் நாளில் இங்கே யார் இருந்தது என்று கேட்டார். குடிசையில் இருந்தவர்கள் அவர்கள்தான். தேர் பார்க்கப் போயிருந்தோம் என்றார்கள். எல்லாருமா போனீர்கள் என்று கேட்டார். உடம்புக்கு முடியாத இரண்டு பேர் மட்டும் இங்கே இருந்தார்கள் என்றார்கள். அவ்வளவு போதுமாக இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் மணியக்காரர் நல்லதம்பி வீட்டு வாசலில் கூட்டம் கூடிற்று. மணியக்காரர் நிதானமானவர். இரண்டு தரப்பையும் பேச விட்டார். அடைக்கலம், பாதிப் பேரை நிறுத்தப்போகிற கோபத்தில் இவர்கள் சிலிண்டருக்குள் மணலைக் கொட்டிவிட்டார்கள் என்றார். போலீசுக்குப் போவதற்கு முன்னால் மணியக்காரர் காதில் போட்டுவைக்க வந்ததாகச் சொன்னார். இருசம்மாள், அந்த மிஷினுக்கு வாய் எங்கே இருக்கிறது என்றே தங்களுக்குத் தெரியாது என்றாள். கடைசியில் மணியக்காரர் தைரியராஜ் பக்கம் திரும்பினார்.

"மிஷின் தெரிஞ்சவர் நீங்க. சொல்லுங்க, யாராவது போட்டாத்தான் மணல் உள்ள போகுமா? தானா போகுமா?"

தைரியராஜ் வாயைத் திறந்தார். போடாமல் போகாது என்று சொல்லத்தான் அவருக்கு நியாயம் இருந்தது. எண்ணெய்கூட வெளியே வரக்கூடாது என்று இறுக்கமாக அடைத்திருக்கிற இடத்தில் மணல் எப்படி உள்ளே போகும்? அதே சமயம், யாராவது போட்டிருந்தால் வாயைக் கழற்றியிருக்க வேண்டும். காலையில் அவரும் சின்னையனும் இரண்டு பேராகத் தொங்கி, ஸ்பேனரில் நீளக் குழாய் ஒன்றை மாட்டி நெம்பித்தான் அது கழன்றது. அதை யாரோ இருட்டில் கழற்றி, மணல் போட்டு, திரும்ப இறுக்கி வைத்தார்கள் என்பதும் நம்புகிற மாதிரி இல்லை. இரண்டும் முடியாத காரியம். ஆனால் மணல் உள்ளே இருந்தது.

"தெரியலைங்க" என்றார்.

அடைக்கலம் திரும்பிப் பார்த்தார். "தெரியலைன்னா என்னப்பா அர்த்தம்? எத்தனை வருஷம் மிஷின் ஓட்டுறே?"

"எனக்குத் தெரியலை முதலாளி. போட்டாங்கன்னும் சொல்ல முடியலை, போடலைன்னும் சொல்ல முடியலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மணியக்காரர், தெரிந்த பிறகு வாருங்கள், அதுவரை போலீஸ் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அடைக்கலம் அன்றே அந்தக் கூட்டத்தை வேலையிலிருந்து நிறுத்தினார். அவர்கள் ஊருக்குப் போகவில்லை. குடிசையிலேயே இருந்தார்கள். பெயர் கெட்டு ஊர் திரும்பினால் அடுத்த வருஷம் எந்த கான்ட்ராக்டரும் கூப்பிடமாட்டான் என்று இருசம்மாள் சொன்னதாகச் சின்னையன் வந்து சொன்னான்.

வீட்டில் தைரியராஜுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேட்ரிசியாவின் தங்கை ரோசரி அப்போது அவர்களோடுதான் இருந்தாள். பெண்கள் ஹைஸ்கூலில் சயன்ஸ் டீச்சர். அவளிடம் கேட்டார். அவள் ஒரு காகிதத்தில் சிலிண்டரை வரைந்து, எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது, ஒரு பக்கம் அழுத்தினால் எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் போகும், வழி கிடைத்தால் வெளியே வரும் என்று விளக்கினாள். எண்ணெய் ஏன் ஒழுகுகிறது, கை ஏன் தாழ்கிறது என்று முதல்முறையாக அவருக்கு விளங்கியது. சந்தோஷமாக இருந்தது. பிறகு மணலைப் பற்றிக் கேட்டார். ரோசரி படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாடத்துல வர்ற சிலிண்டர்ல மணலே கிடையாது அத்தான்" என்றாள். "எண்ணெய் வெளிய தள்ளும்போது மணல் எதிர்த்து உள்ள வராது. எனக்கும் புரியலை."

அவளுக்கும் புரியவில்லை என்பதில் அவருக்கு ஒரு ஆறுதல். ஆனால் ஒரு வருத்தமும் இருந்தது. அப்படியென்றால் போட்டுத்தான் இருக்க வேண்டுமோ?

ரப்பர் பேக்கிங் திருச்சியில் எங்கும் கிடைக்கவில்லை. டயர் ரப்பரில் வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள். எண்ணெயில் ஒரு பொழுது ஊறியதும் பன் ரொட்டி மாதிரி உப்பிக் கையோடு பிய்ந்து வந்தது. கடைசியில் காஜா மைதீனிடம் போனார் தைரியராஜ். கிணற்றுப் பம்புகளுக்குத் தோல் வாஷர் செய்து கொடுப்பவர், பாலக்கரையிலேயே கடை. அவர் அளவு எடுத்துக்கொண்டு, கெட்டித் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, மர அச்சில் வைத்து அழுத்திக் காயப்போட்டு, கொழுப்பில் தோய்த்துக் கொடுத்தார். இவ்வளவு அழுத்தத்துக்குத் தாங்குமா என்று தைரியராஜ் கேட்டதற்கு, நான் இதற்கு முன்னால் செய்ததில்லை, போட்டுப் பார்த்தால் நம் இரண்டு பேருக்கும் தெரியும் என்றார் அவர்.

தாங்கிற்று. கை எழுந்தது, எழுந்த இடத்தில் நின்றது. அடைக்கலம் எண்ணெய்த் தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொண்டார். சிலிண்டரின் வாயைச் சுற்றிக் கம்பி கட்டி அரக்கு வைத்தார். காவலுக்குத் தன் மச்சினனையே உட்காரவைத்தார். எதிர்க் கரையில் குடிசை வாசலில் இருசம்மாளும் மற்றவர்களும் உட்கார்ந்து, மிஷின் தங்கள் மண்ணை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைரியராஜ் அந்தப் பக்கம் பார்க்காமலே ஓட்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் சொட்டியது. அரக்கு உடையவில்லை. பூட்டு அப்படியே இருந்தது. கழற்றிப் பார்த்தால், தோல் வாஷரின் உதடு தேய்ந்து, அது உட்காருகிற இடத்தில் மறுபடியும் மணல்.

அடைக்கலம் தன் மச்சினனையே சந்தேகப்பட ஆரம்பித்தார். தைரியராஜ் தன்னைச் சந்தேகப்பட்டார். கழற்றி மாட்டும்போது தன் கையில் ஒட்டியிருந்த மண்ணே உள்ளே போயிருக்குமோ? ஆனால் வாஷர் மாட்டுவதற்கு முன் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தது நன்றாக நினைவிருந்தது. அப்படியும் நினைவு சரிதானா என்று சந்தேகம் வந்தது. சின்னையனைக் கேட்டார். அவனும் கழுவியதைப் பார்த்தேன் என்றான். பிறகு, பார்த்த மாதிரிதான் இருக்கிறது என்றான்.

காஜா மைதீனிடம் வேறு வாஷர் வாங்கி மாட்டியபோது தைரியராஜ் ஒன்று செய்தார். மிஷினை ஓட்டுகிறவன் ஆசனத்தில் உட்கார்ந்தால் கை நுனியில் மண் அள்ளுகிற பக்கெட்டைத்தான் பார்ப்பான். சிலிண்டரின் அடிப்பக்கம் அங்கிருந்து தெரியாது. அதனால் சின்னையனை ஆசனத்தில் ஏற்றி, மெதுவாகத் தோண்டு என்று சொல்லிவிட்டு, தான் ஒரு சாக்கை விரித்து, கை எட்டாத தூரத்தில் வாய்க்கால் சரிவில் மல்லாந்து படுத்துக்கொண்டார். எதிர்க் கரையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று.

கை இறங்கிற்று. தண்டு முழு நீளமும் வெளியே வந்து பளபளத்தது. பக்கெட் சேற்றில் குத்தியபோது, மேலே ஒட்டியிருந்த பழைய மண் உதிர்ந்து, எண்ணெய் ஈரத்தில் பளபளத்த தண்டின்மேல் விழுந்து ஒட்டியது. கை எழுந்தது. தண்டு ஒட்டிய மண்ணோடு சிலிண்டருக்குள் போயிற்று. மறுபடி கை இறங்கி, தண்டு வெளியே வந்தது. சுத்தமாக வந்தது.

இன்னொரு தரம் செய்யச் சொன்னார். மண்ணோடு போயிற்று, சுத்தமாக வந்தது. எத்தனை தரம் செய்யச் சொன்னார் என்று சின்னையனுக்குக் கணக்கு விட்டுப்போயிற்று.

யாரும் போடவில்லை. மிஷினே ஒவ்வொரு முறையும் நக்கி நக்கி உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சிலிண்டர் வாயின் வெளி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சுற்றி ஒரு பள்ளம் இருந்தது. முதல் தடவை கழற்றியபோதே பார்த்திருக்கிறார். அதில் அடைந்திருந்த அழுக்கைக் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு அப்படியே மாட்டினார். அந்தப் பள்ளத்தில் தண்டை வழித்துவிடுகிற மாதிரி ஒரு பட்டை இருந்திருக்க வேண்டும். ஏலத்துக்கு வருவதற்கு முன்பே எப்போதோ அது போய்விட்டிருக்கிறது. இல்லாத பொருளை அவர் எப்படித் தேடுவார்?

எழுந்து உட்கார்ந்தார். நிம்மதி வரவில்லை. இதைச் சொன்னால் அந்த ஜனங்கள் பேரில் குற்றமில்லை. ஆனால் குற்றம் போய்விடாது. வேறு இடத்துக்கு வரும். ஓட்டுகிறவர் அவர். பள்ளத்தைப் பார்த்தவரும் அவர். வாய்க்கால் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தார். கையில் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரிக்கவில்லை. இது உண்மையிலேயே தன் தப்புதானா என்று யோசித்துப் பார்த்தார். ஆம் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. தெளிந்த பிறகு சொல்லலாம் என்றால் அது தெளிகிற மாதிரி இல்லை. திரும்பி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு அடைக்கலம் வீட்டுக்குப் போனார்.

அடைக்கலம் முதலில் நம்பவில்லை. வந்து படுத்துப் பாருங்கள் முதலாளி என்றார் தைரியராஜ். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர் படுத்திருக்கமாட்டார். வெள்ளை வேட்டியோடு அந்தச் சாக்கில் படுத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, தண்டு மண்ணோடு போவதையும் சுத்தமாக வருவதையும் பார்த்தார். மணியக்காரர் நல்லதம்பியும் கேள்விப்பட்டு வந்திருந்தார். அவர் குனிந்து பார்த்தார். எதிர்க் கரையில் ஒருவரும் அசையவில்லை.

அடைக்கலம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"ஏன் தைரியராஜ், இந்தப் பள்ளம் உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு முதலாளி. பள்ளம் இருக்குன்னு தெரிஞ்சுது. அதுல ஒண்ணு இல்லைங்கிறது தெரியலை."

"அப்ப இத்தனை நாளும் நீயேதான் மணலை உள்ள ஓட்டியிருக்கே."

தைரியராஜ் மறுக்கவில்லை. அப்படியும் சொல்லலாம் என்றார்.

காஜா மைதீன் அந்தப் பள்ளத்துக்குத் தடித்த தோலில் ஒரு வளையம் வெட்டிக் கொடுத்தார், உள் ஓரத்தைக் கத்தி மாதிரிச் சீவி. மாட்டியதும் தண்டில் ஒட்டிய மண் வாயருகே வழிந்து, சின்னச் சின்ன உருண்டையாகக் கீழே விழுந்தது. அதன் பிறகும் ஒரு கசிவு இருந்தது; தண்டில் விழுந்த கீறல்கள் போகாது அல்லவா. ஆனால் எழுந்த கை நின்றது.

கூட்டத்தைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி அடைக்கலம் சின்னையனை அனுப்பினார். அவர் நேரில் போகவில்லை. இருசம்மாள் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். மணியக்காரர் வாசலில் சொன்ன பேச்சை மணியக்காரர் வாசலிலேயே திரும்ப எடுத்தால் வருகிறோம் என்றாள். இரண்டு நாள் இழுபறி. மிஷினால் வாய்க்காலின் நடுவைத்தான் தோண்ட முடிந்தது. இரண்டு பக்கச் சரிவையும் செதுக்கி எடுக்க ஆள்தான் வேண்டியிருந்தது. தண்ணீர் வருகிற நாளும் நெருங்கியது. அடைக்கலம் மணியக்காரர் வாசலுக்குப் போய் நின்று, மணல் தானாகத்தான் போயிருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இல்லை. இருசம்மாளும் அதைக் கேட்கவில்லை. முழுக் கூட்டமும் இறங்கிற்று.

வேலைக்கு வந்த முதல் நாள் மத்தியானம், தைரியராஜ் மிஷின் நிழலில் உட்கார்ந்திருந்தபோது இருசம்மாள் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"டிரைவர் தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மணியக்காரர் கேட்டப்ப, அவங்க செய்யலைன்னு ஏன் சொல்லலை?"

"எனக்குத் தெரியாதுக்கா அப்ப."

"நாங்க செஞ்சிருப்போம்னு நினைச்சீங்களா?"

தைரியராஜ் தலையைச் சொறிந்துகொண்டார். இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"நினைச்சேன்" என்றார். "செய்திருக்கமாட்டீங்கன்னும் நினைச்சேன். ரெண்டும் மாறி மாறி வந்துச்சு."

இருசம்மாள் அவரையே பார்த்தாள். கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை. "நானும்தான்" என்றாள் அவள் கடைசியில். "எங்க ஆளுங்கள்ல எவனாச்சும் செஞ்சிருப்பானோன்னு எனக்கும் இருந்துச்சு. ஒவ்வொருத்தனா தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். இல்லைன்னுதான் சொன்னானுங்க. நம்புனேன், தூக்கம்தான் வரலை." கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகும் அவருக்கு அது மன்னித்ததா மன்னிக்காததா என்று விளங்கவில்லை. வீட்டில் சொன்னபோது பேட்ரிசியா, அவள் உங்களை மன்னித்துவிட்டாள் என்றாள். ரோசரி, அவள் மன்னிப்பதைப் பற்றியே பேசவில்லை என்றாள். அக்காவும் தங்கையும் அதைப் பற்றி வாக்குவாதமே செய்தார்கள்.

தண்ணீர் வருவதற்கு முன் வாய்க்கால் முடிந்தது. மிஷினை மேலே ஏற்றிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ செந்நிறத் தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு வந்ததை மணியக்காரர் முதல் எல்லாரும் கரையில் நின்று பார்த்தார்கள். அடைக்கலம் பூசணிக்காய் உடைத்தார். அடுத்த வருஷம் தூர் எடுக்கும் காலம் வந்தபோது தைரியராஜை அவர் கூப்பிடவில்லை. சின்னையனே ஓட்டினான். தைரியராஜ் அதற்குக் கோபப்படவில்லை. சிலிண்டர் ஒழுகினால் மட்டும் சின்னையன் பாலக்கரைக்கு வந்து கேட்டுவிட்டுப் போவான். இவரும் தெரிந்ததைச் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்பார். சின்னையனுக்கு இரண்டும் உபயோகமாக இருந்ததாம்.

பிறகு திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பத் தொடங்கிற்று. பொட்டல் வெளி முழுக்க மிஷின்கள். தைரியராஜுக்கு அங்கே வேலை கிடைத்தது. இப்போது புது வண்டிகள், எண்ணெய் அழுத்தத்தில் கை எழுபவை. காலையில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரையும் குனிந்து சுற்றி வந்து பார்ப்பார். ஏதாவது கோளாறு என்றால் மேஸ்திரிகள் யார் செய்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். இவர், இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்பார். பார்த்த பிறகும் பல நேரம் தெரியவில்லை என்றுதான் சொன்னார். அதனால் சிலருக்கு அவர்மேல் எரிச்சல். ஒரு என்ஜினீயர் மட்டும், இந்த ஆள் தெரியும் என்று சொன்னால் அது தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னது என்ஜினீயர்தானா, அவருடைய டிரைவரா என்பதில் தைரியராஜுக்கே சந்தேகம்.

அறுபத்தேழு கடைசியில், அஸ்திவாரக் குழி ஒன்றின் ஓரத்தில் அவர் இருசம்மாளை மறுபடி பார்த்தார். இப்போது சிமென்ட் கலவை சுமக்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. முடி நன்றாக நரைத்திருந்தது. அவளே முதலில் அடையாளம் கண்டு, சௌக்கியமா தம்பி என்று கேட்டாள். வீட்டைப் பற்றிக் கேட்டாள். தன் மகளுக்கு லால்குடியில் கல்யாணம் ஆனதைச் சொன்னாள். பிறகு அந்த மஞ்சள் மிஷின் என்ன ஆயிற்று, இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாள்.

அடைக்கலம் அதை விற்றுவிட்டார் என்றார் தைரியராஜ். மருங்காபுரிப் பக்கம் ஒருவர் கிணறு வெட்ட வாங்கிப் போனதாகச் சின்னையன் சொன்னான். பின்னால் இருந்த கையைக் கழற்றிவிட்டு வெறும் டிராக்டராக உழவுக்கு ஓட்டுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, ஏதோ புளியமரத்தடியில் கிடக்கிறது என்று இன்னொருவர் சொன்னார்.

"இதுல எது நிசம்?" என்று கேட்டாள்.

"தெரியலைக்கா."

இருசம்மாள் சிரித்துவிட்டாள். அதற்குள் சங்கு ஊதிற்று. அவள் சும்மாட்டைத் தலையில் வைத்து, காலிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, தன் ஆட்களைக் கூப்பிட்டபடியே பலகை மேல் ஏறிப் போனாள்.